பிரியாணிக் கவரும் மூணு வட்டியும்
வாசகர் கேள்வி – பதில்

கடன் அடைத்துக்கொண்டிருக்கும் வீடுகளிலிருந்து இந்த மாதம் நிறையக் கடிதங்கள். பெரும்பாலும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்திலிருந்து, அதாவது பழைய வேலூர் மாவட்டம் முழுவதிலிருந்தும். கேட்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்: கடன் இருக்கும்போது நல்லது கெட்டது சாப்பிடலாமா, பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகலாமா, எதைக் குறைத்தால் கடன் உண்மையிலேயே குறையும்? ஏழு கடிதங்களுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து மாதம் 27,000 சம்பாதிக்கிறோம். உரிமைத்தொகை 1,000 வருகிறது. கைமாற்றாக வாங்கிய 60,000-க்கு மூணு வட்டி. குழு லோன் மாதம் 2,450, இன்னும் 14 தவணை. நகை பேங்கில் 80,000-க்கு இருக்கிறது. போதாததற்குத் தினமும் கட்டும் தண்டல் கடன் வேறு, நாளைக்கு 100, இன்னும் 40 நாள். கடன் முடியும்வரை பிரியாணி, சினிமா, பூ எதுவும் கூடாது என்கிறார் வீட்டுக்காரர். பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் சொல்வது சரியா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: அவருடைய பயம் நியாயமானது அம்மா. ஆனால் பணம் ஒழுகும் ஓட்டை அவர் காட்டுகிற இடத்தில் இல்லை.

நீங்கள் எழுதியிருக்கும் செலவு: வாடகை 5,000, மளிகை 6,500, காய், பால், கேஸ் 4,500, கரண்ட், போன் 900, பள்ளிக்கூடம், பஸ் 2,000. மொத்தம் 18,900. கடனுக்குப் போவது: கைமாற்று வட்டி 1,800, குழு 2,450, நகை வட்டி சுமார் 670, தண்டல் 3,000. மொத்தம் 7,920. வரவு 28,000-இல் இரண்டையும் கழித்தால் கையில் நிற்பது 1,180. அதில் 600-ஐ வீட்டுச் சந்தோஷத்துக்கு, 580-ஐ ஆஸ்பத்திரிக்கு என்று முதல் தேதியே இரண்டு கவரில் போட்டுவிடுங்கள்.

இனி அந்த 600 எவ்வளவு கெடுதல் செய்கிறது என்று பார்ப்போம். 40 நாளில் தண்டல் முடிந்துவிடும். அங்கே போய்க்கொண்டிருந்த 3,000-ஐ அப்படியே கைமாற்றுக்குத் திருப்புங்கள். வட்டியும் அசலுமாக மாதம் 4,800 கட்டினால், 13-ஆவது மாத முடிவில் பாக்கி 13,000 சொச்சம். அதற்குள் குழு லோனும் முடிந்திருக்கும். அந்த 2,450-ஐயும் சேர்த்துக் கட்டினால் 15-ஆவது மாதம் கைமாற்று பைசல். சந்தோஷக் கவரை ஒழித்து 600-ஐயும் கடனிலேயே போட்டிருந்தால்? 14-ஆவது மாதம் முடியும். ஒரே ஒரு மாதம் முன்னால். வட்டியில் மிச்சம் சுமார் 2,000. அது பணமில்லை என்று சொல்லமாட்டோம். ஆனால் 14 மாதம் பிள்ளைகளுக்கு ஒன்றுமே இல்லை என்று இறுக்கிப் பிடிக்கும் வீட்டில், மூன்றாம் மாதமோ நாலாம் மாதமோ கட்டு அறுந்து, ஒரே நாளில் 3,000 செலவாகும். அதுவும் கடன் வாங்கித்தான்.

ஓட்டை இருப்பது மூணு வட்டியில். நூற்றுக்கு மாதம் மூன்று என்றால் வருஷத்துக்கு 36 சதவீதம். உங்கள் நகைக் கடனோ 10 சதவீதத்தில் இருக்கிறது. நகையை வைத்த பிறகு தங்கம் விலை ஏறியிருந்தால், அதே நகைக்கு பேங்க் கூடுதலாகக் கொடுக்க வாய்ப்புண்டு. அங்கே 60,000 வாங்கிக் கைமாற்றைத் தீர்த்தால், மாத வட்டி 1,800-லிருந்து 500-க்கு இறங்கும். மாதம் 1,300 மிச்சம். உங்கள் சந்தோஷக் கவரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதே 4,800-ஐ மாதாமாதம் கட்டிவந்தால் மொத்த வட்டி 3,600-ஐ ஒட்டி முடிந்துவிடும். இப்போதுள்ள வழியில் அது 16,000-ஐத் தாண்டும்.

போகும்போது பழைய நகைச் சீட்டு, ஆதார், பான் கார்டு எடுத்துக்கொண்டு காலையிலேயே போங்கள். மதிப்பீட்டாளர் எல்லா நேரமும் இருக்கமாட்டார். மூன்று விஷயம் கேளுங்கள்: இன்றைய விலைக்கு எவ்வளவு தருவீர்கள், புதிய சீட்டுக்கு வட்டி எத்தனை, இடையிடையே அசலில் கட்டிக் குறைக்கலாமா. எல்லா நகையையும் ஒரே சீட்டில் போடவிடாதீர்கள். சங்கிலி ஒரு சீட்டு, வளையல் ஒரு சீட்டு என்று பிரித்துப் போடச் சொன்னால் பணம் சேரச் சேர ஒவ்வொன்றாக மீட்கலாம். ஒரே சீட்டானால் கடைசி ரூபாய் கட்டும்வரை ஒரு மூக்குத்திகூட வெளியே வராது. மதிப்பீட்டுக் கட்டணம் சீட்டுக்குச் சீட்டு உண்டு, அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் தப்பு நடக்கும் இடம் ஒன்று உண்டு. "உங்கள் நகைக்கு ஒன்றரை லட்சம்கூடக் கிடைக்குமே" என்று கவுண்டரில் சொல்வார்கள். 60,000-க்கு மேல் ஒரு ரூபாய்கூட வேண்டாம். தங்கம் விலை இறங்கினால் வித்தியாசத்தைக் கட்டச் சொல்லி பேங்கிலிருந்து அழைப்பு வரும். எல்லை வரை வாங்கியவர்கள்தான் அப்போது தவிப்பார்கள். கெடு தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். தாண்டினால் ஏல நோட்டீஸ்.

கைமாற்றைத் தீர்க்கும் அன்று வெறுங்கையோடு திரும்பாதீர்கள். புரோநோட்டையும், தொகை எழுதாமல் கொடுத்த செக் இருந்தால் அதையும் கையில் வாங்கிய பிறகே பணத்தை எண்ணிக் கொடுங்கள். "நாளைக்குத் தேடித் தருகிறேன்" என்றால் பணமும் நாளைக்கே.

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பேர். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி இல்லாமல் முடியாது. பார்சல் வாங்கினால் 900 ஆகிறது. வீட்டில் செய்தால் குழைந்துவிடுகிறது, ஆம்பூர் ருசியும் வருவதில்லை. வழி சொல்லுங்கள்.
– வாசகி, வாணியம்பாடி

பதில்: ஆம்பூர் முறையின் அடையாளம் மூன்று: சீரகச் சம்பா, தூளுக்குப் பதில் ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், வாசனைச் சாமானைக் கையை இறுக்கிப் போடுவது. கரம் மசாலாவைக் கொட்டினால் அது வேறு ஊர்ப் பிரியாணி.

ஐந்து பேருக்கு: சீரகச் சம்பா 600 கிராம், கோழி 750 கிராம், எண்ணெய் 100 மில்லி, பூண்டு விழுது 60 கிராம், இஞ்சி விழுது 40 கிராம், வெங்காயம் 200, தக்காளி 200, காய்ந்த மிளகாய் 12 முதல் 15, தயிர் 75 மில்லி, பட்டை இரண்டு துண்டு, கிராம்பு 5, ஏலக்காய் 4, புதினா, கொத்தமல்லி ஒரு கைப்பிடி, எலுமிச்சை அரை மூடி.

மிளகாயின் விதையை உதறிவிட்டு, வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நைஸாக அரையுங்கள். விதையோடு அரைத்தால் காரம் ஏறும், நிறம் வராது. எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலக்காய் தாளித்து, பூண்டு விழுதை முதலில் போட்டுப் பச்சை வாசனை போக வதக்கி, பிறகு இஞ்சி. அடுத்து பாதி வெங்காயம், மிளகாய் விழுது, கோழி. ஐந்து நிமிஷம் கிளறியபின் தக்காளி, தயிர், மீதி வெங்காயம், இலைகள், உப்பு. கோழி முக்கால் பதம் வேகும்போது அடியில் ஒன்றரை டம்ளர் அளவுக்குக் குழம்பு நிற்கவேண்டும்.

குழைவதற்குக் காரணம் பெரும்பாலும் அரிசியில்தான் இருக்கும். சீரகச் சம்பா பொடி அரிசி; 20 நிமிஷத்துக்கு மேல் ஊறினால் உடையும். மூன்று லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது உப்புப் போட்டு, அரிசியைப் போடுங்கள். ஐந்தாம் நிமிஷம் ஒரு பருக்கையை எடுத்து விரலில் நசுக்குங்கள். ஓரம் நசுங்கி நடுவில் வெள்ளையாய் ஒரு புள்ளி நின்றால் அதுதான் பதம், உடனே வடித்துவிடவேண்டும். புள்ளியும் மறைந்துவிட்டதென்றால் வடித்தும் பயனில்லை, தம்மில் களியாகிவிடும். புது அரிசியானால் நாலாம் நிமிஷமே பார்க்கத் தொடங்குங்கள்.

வடித்த அரிசியைக் குழம்பில் சேர்த்து எலுமிச்சை பிழிந்து, பாத்திரத்தின் அடியில் தோசைக்கல் வைத்து, மூடிமேல் கனம் ஏற்றி, சிறு தீயில் 15 நிமிஷம். அணைத்த பிறகு 10 நிமிஷம் திறக்கக்கூடாது. குழம்பு அதிகம் நின்றால் சோறு ஈரமாகும். வற்றிப்போயிருந்தால் அடி பிடித்து மேல் சோறு விறைத்து நிற்கும். தம் போடும் முன் கரண்டியால் அடியைத் துழாவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொட்டுக்கொள்ள இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் கால் கிலோ. விதை குறைவு, சதை அதிகம், எண்ணெயில் வதங்கினாலும் உரு குலையாது. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய காய். காம்பில் முள் விறைத்துக் குத்தினால் புதுசு, தளர்ந்திருந்தால் நேற்றையது.

கோழி கிலோ 260, அரிசி கிலோ 150 என்று வைத்தால் எல்லாம் சேர்த்து 400 ரூபாயில் முடிகிறது. வாரம் 500 மிச்சம். ஆனால் இதையும் நான்கு ஞாயிறும் செய்யாதீர்கள். மாதம் இரண்டு முறை பிரியாணி, மற்ற இரண்டு ஞாயிறு முட்டைக் குழம்பும் கேவுருக் களியும் கருவாட்டுத் தொக்குமாக இருக்கட்டும். அடிக்கடி வந்தால் பிரியாணியும் சாம்பார் சாதம் மாதிரிதான்.

கேள்வி: கம்பெனியில் காலை, பதினோரு மணி, நாலு மணி என மூன்று டீ. நாலு மணிக்கு ஒரு வடை. மாதம் 1,400 ஆகிறது. நிறுத்திவிடலாமா?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: நாலு மணி டீயையும் வடையையும் விடாதீர்கள். அது கூட்டாளிகளோடு நின்று குடிப்பது. டீக்காக மட்டும் யாரும் அங்கே போவதில்லை. மற்ற இரண்டையும் பிளாஸ்க்கில் கொண்டுபோங்கள். 200 மில்லி பால், அதே அளவு தண்ணீர், டீத்தூள் இரண்டு ஸ்பூன், சர்க்கரை. 15 ரூபாய்க்குள் அடங்கும். இப்போது ஒரு நாளைக்கு டீ 45, வடை 10. மாற்றினால் 40. மாதம் 26 நாளுக்கு 390 மிச்சம்.

பிளாஸ்க் டீ கசப்பதற்குக் காரணம் உள்ளே போன தூள். வடிகட்டியின் மேல் மெல்லிய துணி போட்டு வடியுங்கள். இஞ்சி போடுவதானால் தண்ணீரிலேயே தட்டிப் போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டு, பிறகு பால். பச்சை இஞ்சியைப் பாலில் போட்டால் திரிந்துபோகும்.

கேள்வி: மார்க்கெட்டில் காய்க்கடை வைத்திருக்கிறேன். தண்டலில் 10,000 எழுதி 8,500 கையில் கொடுப்பார்கள். நாளைக்கு 100, நூறு நாள். முடிந்ததும் மறுபடி எடுப்பேன். வட்டி 15 சதவீதம்தானே, பரவாயில்லை என்று நினைக்கிறேன்.
– வாசகர், வேலூர்

பதில்: 15 சதவீதம் இல்லை ஐயா. 8,500 முழுசாக நூறு நாளும் உங்கள் கையில் இருந்தால்தான் அந்தக் கணக்கு. முதல் நாளே 100 திரும்பிப் போகிறது. ஐம்பதாம் நாளில் பாதிப் பணம்கூட உங்களிடம் கிடையாது. குறைந்துகொண்டே வரும் பாக்கிக்கு வட்டி போட்டால் வருஷத்துக்கு 120 சதவீதம், அதாவது பத்து வட்டி. வருஷத்தில் மூன்று முறை எடுத்தால் வட்டியாக மட்டும் 4,500. தவணை தப்பினால் அதற்குமேல்.

வெளியே வர ஒரு வழி இருக்கிறது, உங்களைப் போன்ற தினவரவுக்காரர்களுக்கே பொருந்துவது. இப்போது ஓடும் தண்டல் முடிந்த மறுநாள் புதுசு எடுக்காதீர்கள். ஆனால் 100 கட்டுவதையும் நிறுத்தாதீர்கள். தண்டல்காரர் வரும் அதே நேரத்துக்கு அதே 100-ஐ ஒரு பூட்டிய உண்டியலில் போடுங்கள். பழைய தண்டல் அட்டையையே வைத்து டிக் அடியுங்கள். 85-ஆவது நாள் 8,500 உங்கள் சொந்தப் பணம். அதன்பின் சரக்குக்குப் பணம் வேண்டுமானால் அதிலிருந்து எடுத்து, அதற்கே நாளைக்கு 100 திருப்பிக் கட்டுங்கள்.

சிரமம் முதல் 85 நாள்தான், முதலீடு குறையும். அந்த நாட்களில் கொஞ்சம் சரக்கைக் குறைத்து, அன்றன்றைக்கு விற்றுத் தீரும் கீரை, தக்காளியைக் கூட்டிப் பிடியுங்கள். வெங்காயம், உருளை மாதிரி பணத்தை முடக்கும் மூட்டைச் சரக்கு பிறகு. ஆடி மாதம் தொடங்காதீர்கள். கல்யாணமில்லாத மாதத்தில் காய் வியாபாரம் மந்தம். ஆவணியில் தொடங்கினால் முகூர்த்தங்கள் கைகொடுக்கும்.

கேள்வி: வேலூர் வெயிலைச் சொல்லவேண்டியதில்லை. வட்டியில்லாத இ.எம்.ஐ.யில் ஏ.சி. எடுக்கலாம் என்கிறான் மகன். வீட்டுக் கடன் தவிர மூணு வட்டிக் கடனும் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 280 யூனிட் ஓடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், சத்துவாச்சாரி

பதில்: ஏ.சி. விலையை விட கரண்ட் பில்லைப் பாருங்கள். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏ.சி. ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 380 யூனிட். உங்கள் 280-ஓடு சேர்ந்து 660. 500-ஐத் தாண்டும் வீட்டுக்கு மின்வாரியத்தின் கணக்கே வேறு: 101-லிருந்து 200 வரைக்கான சலுகை விலை போய்விடும், 500-க்கு மேற்பட்ட ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய்க்கு மேல். 600 சொச்சம் கட்டிக்கொண்டிருந்த நீங்கள் 3,500-ஐ ஒட்டிக் கட்டவேண்டிவரும். வட்டியில்லாத இ.எம்.ஐ. என்பதிலும் பிராசஸிங் கட்டணம் உண்டு. ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியும் கிடைக்காது. இந்த வருஷம் வேண்டாம்.

அதற்குப் பதில் கரண்ட் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் வாங்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. சாதா ஃபேன் 75 வாட், இது 30 வாட். நாளைக்கு 15 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். 201-லிருந்து 400 யூனிட்டுக்குள் இருக்கும் உங்களுக்கு அது மாதம் 95 ரூபாய். ஃபேன் விலை 3,000-ஐ மூணு வட்டிக் கடனில் கட்டினாலோ மாதம் 90 மிச்சம். சமம்தான், பழைய ஃபேன் சத்தம் போட்டால் மாற்றுங்கள், நன்றாக ஓடினால் கடனில் கட்டுங்கள். 200 யூனிட்டுக்குக் கீழே ஓடும் வீடுகள் இதைத் தொடவேண்டாம், அவர்களுக்கு மிச்சம் பாதிதான்.

சொந்த வீடு என்பதால் மாடியைக் கவனியுங்கள். தளத்தைப் பெருக்கிக் கழுவி, வெடிப்பை அடைத்து, பங்குனியிலேயே வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கை அடித்துவிட்டால் வெயிலைத் திருப்பி விடும். பசை சேர்க்காமல் அடித்த சுண்ணாம்பு முதல் மழையில் கரைந்து ஓடும். ஒரு கை நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த கை.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் மொட்டைமாடியில் நாலு குடம் தண்ணீர் தெளியுங்கள். முதல் தெளிப்பில் ஆவிதான் கிளம்பும். அரை மணி விட்டு இரண்டாவது தெளிப்பு. எட்டு மணிக்குப் பாய் விரித்து, தயிர்ச் சோறும் மாவடுவுமாக மாடியிலேயே சாப்பாடு. சித்திரையில் ஊரே புழுங்கும்போது மாடிக் காற்றில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

கேள்வி: ஷூ கம்பெனியில் வேலை. போனஸ் 10,000 வரும். அது தவிர மாதம் 500 தீபாவளி பண்டு கட்டுகிறேன். முடிவில் பாத்திரம், ஸ்வீட், தங்கக் காசு தருவார்களாம். அப்படியும் ஒவ்வொரு தீபாவளிக்கும் கடன் வாங்கவேண்டியிருக்கிறது.
– வாசகி, ஆம்பூர்

பதில்: போனஸ் வரும் வீட்டுக்குப் பண்டு தேவையில்லை சகோதரி. பதிவு செய்யாமல் இப்படிப் பணம் வாங்குவதை 2019-ஆம் ஆண்டின் மத்திய சட்டமே தடை செய்திருக்கிறது. இருந்தும் நம் பக்கத்தில் தீபாவளிக்குத் தீபாவளி ஏமாந்தவர்கள் வரிசையில் நிற்பதைப் பார்க்கிறோம். பதிவான சீட்டு என்றால் 1982 சிட் ஃபண்டுச் சட்டப்படி பதிவு எண் இருக்கும், கேட்டால் காட்டுவார்கள். காட்டத் தயங்கினால் அத்தோடு விலகுங்கள். இதுவரை கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது ரசீது அட்டையை அவர்களிடம் விட்டுவிட்டு வராதீர்கள்.

10,000-ஐ இப்படிப் பிரிக்கலாம்: நாலு பேர் துணிக்கு 4,000, பலகாரம் 800, பட்டாசு 500, ஆஸ்பத்திரிக் கவருக்கு 1,200, கடனில் 3,500. கடன் பங்கை போனஸ் வந்த அன்றே கட்டிவிடுங்கள், துணிக்கடைக்குப் போகும் முன்னால். துணியை தீபாவளிக்கு முந்தின வாரம் எடுக்காமல் ஆடித் தள்ளுபடியில் எடுப்பது பழைய யோசனைதான். ஆனால் வளரும் பிள்ளைகளுக்கு ஆடியில் எடுத்தால் ஐப்பசியில் குட்டை, அவர்களுக்கு மட்டும் ஒரு அளவு கூட்டி எடுக்கவேண்டும்.

பலகாரத்தில் அதிரசம் இருந்தால் செலவு குறைவு, வீடும் மணக்கும். பச்சரிசி ஒரு கிலோவுக்கு வெல்லம் முக்கால் கிலோ. தண்ணீரில் விட்ட பாகை விரலால் கூட்டினால் மெத்தென்ற உருண்டையாகத் திரளவேண்டும். இளம்பாகானால் எண்ணெயில் பிரிந்துபோகும், முற்றினால் கல். மாவு ஈரப்பதம் இருக்கும்போதே பாகில் சேர்த்து, இரண்டு நாள் மூடிவைத்துச் சுடுங்கள்.

போனஸ் வராத வீடுகள் பேங்கில் 12 மாத ஆர்.டி. போடட்டும். மாதம் 500 போட்டால் முடிவில் சுமார் 6,200 ரூபாய்.

கேள்வி: குழு லோன் தவணை ஒரு நாள் தப்பினாலும் ராத்திரி எட்டு மணிவரை வாசலில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். பிள்ளைகளை வெளியே எங்காவது கூட்டிப்போய் நாலு மாதம் ஆகிறது. இரண்டுக்கும் வழி சொல்லுங்கள்.
– வாசகி, பள்ளிகொண்டா

பதில்: ரிசர்வ் வங்கி விதிப்படி, குழு லோன் போன்ற நுண்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொந்தரவு செய்யக்கூடாது. அதட்டுவது, உறவினரைத் தொந்தரவு செய்வது எல்லாமே விதிமீறல். லோன் அட்டையில் புகார் எண் அச்சிட்டிருக்கும். வந்தவர் பெயர், தேதி, நேரம் குறித்து அங்கே முதலில் சொல்லுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணில் கேட்டு, குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கேட்கவும் இந்தக் கடனில் இடமில்லை. கந்துவட்டிக்காரர் மிரட்டினால் அது வேறு சட்டம், 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். காவல் நிலையத்திலோ, கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலோ மனுக் கொடுங்கள்.

வெளியே போவதற்கு உங்களுக்குப் பக்கத்திலேயே இரண்டு இடம். வேலூர்க் கோட்டையைச் சுற்றிவரக் காசில்லை. அகழியை ஒட்டி நடந்து, ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களில் யாளி எத்தனை, குதிரைவீரன் எத்தனை என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள், ஒரு மணி நேரம் போவது தெரியாது. 1806 ஜூலை 10-ஆம் தேதி சிப்பாய்கள் எழுந்தது இந்த மதிலுக்குள்தான் என்பதையும் சொல்லுங்கள். புளிச்சோறு கட்டிக்கொண்டு போங்கள். காசு போவது வாசலில் இருக்கும் சோளம், பஜ்ஜி, பலூன் கடைகளில். உள்ளே போகும்போதே ஆளுக்கு 30 ரூபாய் கையில் கொடுத்து, இதற்குள் என்ன வேண்டுமானாலும் வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டால் கேட்டு அழுவது நின்றுபோகும். பாதிப் பிள்ளைகள் பத்து ரூபாய் மிச்சம் பிடித்து வரும்.

இன்னொன்று விரிஞ்சிபுரம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண் என்பதால் உங்களுக்கு டிக்கெட் காசு இல்லை. மதிலழகுக்குப் பேர்போன மார்க்கபந்தீஸ்வரர் கோயில். உள்ளே நேரம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது. அரைவட்டமாக எண் பொறித்தது. அதன் மேல்பக்கத்துப் பள்ளத்தில் குச்சியை வைத்தால் நிழல் விழும் எண்தான் மணி. வெயில் இருக்கும்போது, காலை ஒன்பது பத்துக்குள் போனால் நிழல் தெளிவாக விழும், தரையும் கால் சுடாது. கோயிலுக்குள் குச்சி தேடி அலையவேண்டாம். வீட்டு விளக்குமாற்றிலிருந்து நல்ல ஈர்க்குச்சியாக ஒன்று உருவிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.